ஸ்டிக்கர் பிரிக்காத அடுப்பு

– டீயெல்லாம் இருக்கட்டும்மா, நான் கணக்கெடுக்க வந்தவ. இந்த ரெண்டாவது அடுப்பு யாரோடது?

– அது அவங்களோடது, இது எங்களோடது. ரெண்டு அடுப்பு, ரெண்டு குடித்தனம். வாசல்தான் ஒண்ணு.

– அவங்கன்னா?

– என் கொழுந்தனும் அவன் பொண்டாட்டியும், அவங்க பொண்ணும். எங்க பக்கம் நானு, எங்க வீட்டுக்காரர், ரெண்டு தடிப் பசங்க. நாலு பேர். நல்லா எழுதிக்கோ தாயே, நாலு.

– எழுதறேன். ஒரே அடுப்புல சாப்பிடறவங்க ஒரு குடும்பம். எங்க கணக்கு அவ்வளவுதான். யார் யாருக்கு என்ன உறவுன்னெல்லாம் அதுக்கப்புறம்தான். அந்த அடுப்புல தினமும் சமைக்கறாங்களா?

– பின்ன? மூணு வேளையும்.

– திருகுல ஸ்டிக்கர் அப்படியே ஒட்டியிருக்கே.

– எங்க?

– இதோ. ரெண்டு வருஷம் உத்தரவாதம்னு போட்டிருக்கு. பர்னர்ல குனிஞ்சா என் மூஞ்சி தெரியுது.

– அது வந்து... சொல்லப் போனா அவ ரொம்ப சுத்தக்காரி. சமைச்ச கையோட தேய்ச்சு வெச்சிடுவா. ஸ்டிக்கரைக் கிழிச்சா உத்தரவாதம் போயிடும்னு யாரோ சொன்னாங்களாம், ஒருத்தரையும் தொட விடமாட்டா.

– காலையிலேர்ந்து இந்தத் தெருவுல நான் பாத்த நாலாவது சுத்தக்காரி அவங்க.

– எல்லாம் தண்ணி ஒழுங்கா வர்றதால தாயே. தண்ணி வந்தா சுத்தம் தானா வந்துடும்.

– சரி, கேள்விக்கு வருவோம். தரை?

– பாக்கறியே, சிமெண்ட்டு. அங்கங்க பேந்து போச்சு.

– பேந்ததுக்குக் கட்டம் இல்ல. சிமெண்ட்டுன்னு மட்டும் போடறேன். கூரை?

– தகரம். மழை பேஞ்சா பக்கத்துல இருக்கறவங்க பேசறதே காதுல விழாது.

– தகரம். கக்கூஸ்?

– வெளியில. அது மட்டும் ரெண்டு குடித்தனத்துக்கும் ஒண்ணுதான். அதையும் தனியா கட்டணுமா?

– வேண்டாம்மா. அதைப் பொதுவா வெச்சுக்கலாம். பிரிஞ்சு எவ்வளவு நாளாச்சு?

– மூணு மாசம். மூணு மாசத்துக்குக் கம்மியா இருந்தா சேத்துக்க மாட்டாங்கன்னு... அதாவது, மூணு மாசம் ஆச்சு.

– காரணம்?

– அதையுமா எழுதுவீங்க?

– கேள்வி அப்படித்தான் இருக்கு.

– பாத்திரச் சண்டை. யார் தேய்க்கறதுன்னு. அவ ஒரு வார்த்தை சொன்னா, நான் ஒரு வார்த்தை சொன்னேன், பேச்சு முத்திப்போச்சு. ஆத்திரத்துல ஒரு தட்டைத் தூக்கி எறிஞ்சா பாரு, எனக்கு உடம்பே ஆடிப்போச்சு.

– எங்க எறிஞ்சாங்க?

– இந்தச் சுவத்துலதான்.

– தடம் ஒண்ணும் காணோமே.

– பிளாஸ்டிக் தட்டு.

– சரி. போன வாரம் உங்க அடுப்புல என்னென்ன ஆச்சுன்னு கேக்கறேன். யோசிச்சு சொல்லுங்க. முட்டை?

– அவருக்கு தினம் ஒண்ணு. டாக்டர் சொல்லியிருக்கார். பசங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், பரீட்சை வருதில்ல.

– பால்?

– அவருக்குத்தான். மிச்சம் இருந்தா பசங்களுக்கு.

– நீங்க?

– எனக்கெதுக்கு? நான் எந்தப் பரீட்சை எழுதப் போறேன்?

– வெளியில வாங்கிச் சாப்பிடறது? டீ, பன்னு, பிஸ்கட், எதுவா இருந்தாலும்.

– இந்த வீட்ல யாரும் வெளியில வாய் வைக்கறதே இல்ல. அந்தப் பழக்கத்தையே நான் வர விடல.

– இந்த வீட்லன்னா, ரெண்டு குடித்தனத்துலயுமா?

– என் குடித்தனத்துல. அவங்களைப் பத்தி எனக்கென்ன தெரியும்?

– நேத்து ராத்திரி அவங்க அடுப்புல என்ன சமையல்?

– அவங்க எதை ஆக்கினா எனக்கென்ன? நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல.

– ஒரே ரூம்மா. கைய நீட்டினா அந்த அடுப்பு. வாசனை வந்திருக்குமே?

– வந்தா வரட்டும். மூக்கைப் பொத்திக்குவேன்.

– அம்மா, பாருங்க, எழுதற டேப்லெட்டைக் கீழ வெச்சிட்டேன். இப்ப சொல்றது கேள்வி இல்ல. நான் இந்த வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகுது. நிஜமா அடுப்பு பிரிஞ்ச வீடு எத்தனையோ பாத்துட்டேன். அங்கெல்லாம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டா போதும், நிறுத்த முடியாது. நேத்து அவ எண்ணெய் எவ்வளவு ஊத்தினா, யாருக்கு எடுத்து வெச்சா, எதை மூடி வெச்சா, எப்ப தாளிச்சான்னு ஒப்பிப்பாங்க. பிரிஞ்சவங்களுக்குப் பக்கத்து அடுப்புலதான் கண்ணு. தெரியாது, பாக்கறதில்லன்னு சொல்றவங்க யார் தெரியுமா?

– யாரு?

– ஒண்ணா சாப்பிடறவங்க. அழாதீங்கம்மா. நான் இன்னும் ஒண்ணும் எழுதல.

– அழல தாயே. வெங்காயம் நறுக்கின கை, கண்ணைத் துடைச்சிட்டேன். இரு, அவர் கூப்பிடறார். என்னங்க? தண்ணியா? செத்த பொறுங்க, ஆள் வந்திருக்காங்க!

– உடம்புக்கு என்ன அவருக்கு?

– பெயிண்டர் வேலை. மாடிச் சுவத்துக்கு அடிச்சிட்டிருந்தார், சாரம் சரிஞ்சு விழுந்துட்டார். இடுப்பு மூட்டு நொறுங்கிப் போச்சு. மாத்தி வெச்சா நடப்பார்னு சொல்றாங்க. காசு குடுத்துப் பண்ற வைத்தியமா அது? வீட்டை வித்தாலும் பத்தாது, இது வாடகை வீடு வேற. வறுமைக்கோட்டுக்குக் கீழன்னு தர்ற அந்த அட்டை இருந்தா எல்லாம் இலவசம். படுக்கை, மருந்து, புது மூட்டு எல்லாமே.

– ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்த கணக்கெடுப்புல அட்டை ஏன் வரல?

– அப்ப ஒரே அடுப்புன்னு உள்ளதைச் சொன்னேன். கொழுந்தன் டெலிவரி வேன் ஓட்டறான், அவன் பொண்டாட்டி தையல் கம்பெனியில இஸ்திரி போடற வேலை. எல்லாத்தையும் கூட்டி, தலைக்கு இவ்வளவுன்னு வகுத்துப் பாத்துட்டு, வறுமைக்கோட்டுக்கு மேல இருக்கீங்கன்னுட்டாங்க. மயிரிழைதானாம். அந்தக் கோடு எந்த இடத்துல போகுதுன்னு காட்டினா நானே குனிஞ்சு அந்தப் பக்கம் போயிடுவேன்.

– போன தடவை உள்ளதைச் சொன்னீங்க. இந்தத் தடவை அடுப்பு வாங்கிட்டீங்க.

– தெருவே வாங்கிடுச்சு. நான் மட்டும் யோக்கியமா இருந்து அவரைப் படுக்கையில விட்டு வைக்கணுமா? நீ எழுதினா நடக்கும் தாயே. ஒரு கட்டத்துல டிக் அடிக்கப் போற. உனக்கு என்ன குறைஞ்சிடும்?

– வேலை குறைஞ்சிடும். எனக்கு முன்னாடி இந்தப் பகுதியைப் பாத்த பொண்ணு இரக்கப்பட்டு ரெண்டு வீட்டுக்குப் பொய்யா டிக் அடிச்சுவிட்டா. சரிபாக்க வந்தவங்ககிட்ட மாட்டி, மறுநாளே அவ வேலையைப் பிடுங்கிட்டாங்க. எனக்கும் இது நாள் கூலி வேலைதான்மா. ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் கோட்டுக்கு மேல, கீழன்னு பிரிச்சுப் போடறேன். நான் எந்தப் பக்கம்னு என்னை யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல.

– அப்ப எழுத மாட்ட.

– உங்க பேச்சை வெச்சு எழுத முடியாது. ரெண்டு குடும்பம்னு சொன்னா ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா கேக்கணும். உங்க ஓரகத்தி எப்ப வருவாங்க?

– ஷிப்ட் முடிஞ்சு வர்ற நேரம்தான். இதோ, செருப்புச் சத்தம். அவதான்.

– ஆபீஸ்லேர்ந்து வேற கூப்பிடறாங்க. நான் வாசல்ல நின்னு பேசிட்டு வரேன். வந்து அவங்ககிட்ட மட்டும்தான் பேசுவேன், நீங்க கூட இருக்கக் கூடாது.

– சரி தாயே.

– யாருக்கா அது, வாசல்ல?

– உஸ்! அவதான் கணக்கெடுக்க வந்தவ. பையை அப்புறம் வை, இப்படி கிட்ட வா. நான் சொன்னதை நம்பலடி. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டு வந்திருக்கா. ஸ்டிக்கரைப் பாத்துட்டா.

– நான்தான் அன்னிக்கே பிரிக்கச் சொன்னேனேக்கா.

– திருப்பிக் குடுத்தா கடைக்காரன் முழுக் காசும் தருவான்னு ஒரு நப்பாசை. இப்ப எல்லாம் உன் வாய்லதான் இருக்கு. சொல்லிக்குடுத்தது ஞாபகம் இருக்கில்ல? மூணு மாசம். பாத்திரச் சண்டை.

– இருக்கு.

– அது மட்டும் பத்தாது. என் மேல நாலு குறை சொல்லு. கூச்சப்படாத. கேட்டா நிஜம்னு தோணணும்.

– நாலு போதுமாக்கா?

– பத்து வேணா சொல்லு, எனக்கு ஒண்ணும் ஒட்டாது. அவருக்கு ஆபரேஷன் ஆனா சரி. முதல்ல அந்த அடுப்பைப் பத்த வை. சும்மா தண்ணியாவது கொதிச்சிட்டு இருக்கட்டும்.

– சரிக்கா.

– அவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும், முதுகெல்லாம் புண்ணாகுது. நான் உள்ள போறேன். அட, வந்துட்டியா தாயே, இவதான். கேளு. எனக்கும் இவளுக்கும் பேச்சு கிடையாது.

– உக்காருங்க மேடம். நான் பேசிக்கிட்டே வேலையைப் பாக்கலாமில்ல?

– தாராளமா. எனக்காக அடுப்பெல்லாம் பத்த வைக்க வேண்டாம்.

– உங்களுக்காக இல்ல மேடம். வேலைக்குப் போய்ட்டு வந்தா நான் பத்த வெச்சுத்தானே ஆகணும். இந்த ஸ்டிக்கர் வேற... நகம்தான் பிஞ்சு போகுது.

– கொஞ்சம் எண்ணெய் தடவிப் பாருங்க, வந்துடும். பிரிஞ்சு எவ்வளவு நாளாச்சு?

– அக்கா என்ன சொன்னாங்க?

– நான் உங்களைக் கேக்கறேன்.

– மூணு மாசம்.

– காரணம்?

– பாத்திரம்.

– தட்டைத் தூக்கி எறிஞ்சீங்களாமே?

– நானா? ஆமா. எறிஞ்சேன்.

– என்ன தட்டு?

– ஸ்டீல் தட்டு.

– அவங்க பிளாஸ்டிக்னு சொன்னாங்க.

– அப்ப பிளாஸ்டிக்.

– நீங்களாவது எனக்கு ஒரு உபகாரம் பண்ணுங்க. ரெண்டு பேரும் ஒரே தட்டை எறியுங்க.

– சிரிக்காதீங்க மேடம். எனக்குப் பொய் சொல்ல வராது. அக்காவுக்குத்தான் அதெல்லாம் கை வந்த கலை. நீங்க கேக்கறதைக் கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.

– போன வாரம் வெளியில வாங்கிச் சாப்பிட்டது எதாவது? டீ, பன்னு, அந்த மாதிரி. உங்க அக்கா, இந்த வீட்ல யாரும் வெளியில வாய் வைக்கறதே இல்லன்னாங்க.

– அவங்களுக்குத் தெரியாது.

– எது?

– இதை எழுதித்தான் ஆகணுமா?

– கேள்வி அப்படித்தான் இருக்கு. ஆனா அவங்களுக்கு நான் படிச்சுக் காட்ட மாட்டேன்.

– முட்டை. பஸ் ஸ்டாப் பக்கத்துல ஒரு டீக்கடையில அவிச்ச முட்டை விப்பாங்க. காலையில பொண்ணை ஸ்கூல்ல விடப் போறப்ப ஒண்ணு வாங்கிக் குடுப்பேன். கடைக்குப் பின்னால நின்னு சாப்பிடுவா. முட்டை ஓட்டை என் பையில போட்டுக்குவேன், தெருவுல யாராவது பாத்து அக்காகிட்ட சொல்லிடக் கூடாதில்ல. அவளே வாயைத் துடைச்சிட்டு, "அம்மா, வாசனை வருதா"ன்னு ஊதிக் காட்டுவா. வீட்டுக்கு வந்தா மூச்சு விட மாட்டா. எட்டு வயசுதான் ஆகுது மேடம். எப்படிக் கத்துக்கிட்டாளோ.

– எவ்வளவு நாளா இது?

– மழைக்காலத்துலேர்ந்து. அவளுக்குக் காய்ச்சல் வந்துட்டுப் போச்சு. அதுக்கப்புறம் ஸ்கூல்ல எடை பாத்துட்டு டீச்சர் என்னை வரச் சொன்னாங்க. "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சம்பாதிக்கறீங்க, பெத்த பொண்ணுக்குச் சாப்பாடு போட மாட்டீங்களா"ன்னு கேட்டாங்க. மத்த அம்மாங்கள்லாம் நிக்கறாங்க. எனக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல.

– வீட்ல முட்டை வாங்கறீங்களே. உங்க அக்காதான் சொன்னாங்க.

– வாங்கறோம். என் சம்பளக் கவரைப் பிரிக்காம அக்கா கையில குடுப்பேன், எங்க வீட்டுக்காரர் சம்பளமும் அப்படித்தான். முட்டை வரும், பால் வரும். படுத்திருக்கற பெரியவருக்கு ஒண்ணு, பசங்களுக்கு ஆளுக்குப் பாதி. என் பொண்ணுக்கு வரிசை வர்றப்ப தட்டு காலியாயிடும். அவ்வளவுதான்.

– நேத்து ராத்திரி அந்த அடுப்புல என்ன சமையல்?

– பருப்பும் கீரையும். முட்டையை வெங்காயம் போட்டுப் பொரிச்சாங்க. பெரியவருக்கு எடுத்து வெச்சுட்டு, மிச்சத்தை ரெண்டா வெட்டி பசங்க தட்டுல வெச்சாங்க. அப்புறம் வாணலியில ஒட்டியிருந்ததைக் கரண்டியால சுரண்டி என் பொண்ணு தட்டுல தட்டினாங்க. "இந்தாடி கண்ணு, உனக்கும் முட்டை வாசனை வந்துடுச்சு பாரு"ன்னு சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. பெரிய பையன் தட்டுல இருந்தது இவ உள்ளங்கை அகலம் இருக்கும். எண்ணெய் நிறையத்தான் ஊத்தினாங்க, வெங்காயம் கொஞ்சம் கருகிப்போச்சு. என்ன மேடம், எழுதாம பாக்கறீங்க?

– ஒண்ணுமில்ல. சொல்லுங்க.

– வேணும்னு பண்றாங்கன்னு நினைச்சுக்காதீங்க. பாசமாத்தான் சொன்னாங்க. அதான் எனக்கு வயித்தெரிச்சல். திட்டிட்டுக் குடுக்காம இருந்தா நாலு வார்த்தை திருப்பிக் கேக்கலாம். இன்னொண்ணும் எழுதுங்க, அக்காவும் முட்டை சாப்பிடறதில்ல. வாணலியைத் தண்ணி ஊத்திக் கழுவிட்டு, கடைசியில ரசமோ மோரோ ஊத்திச் சாப்பிட்டுப் படுப்பாங்க.

– யாருக்கு எவ்வளவுன்னு எழுத இங்க இடமே இல்லைங்க. வீட்டுக்கு எத்தனை முட்டைன்னு கேக்கும். அதைத் தலைக்கு இவ்வளவுன்னு அதுவே வகுத்துக்கும்.

– அப்ப போன தடவை வந்தவங்க எங்க வீட்டை வகுத்தப்ப?

– ஏழு பேருக்கும் சமமா வந்திருக்கும்.

– என் பொண்ணுக்கும்?

– அவளுக்கும்.

– அப்ப உங்க கணக்குல என் பொண்ணு ரெண்டு வருஷமா முட்டை சாப்பிட்டுட்டு இருக்கா.

– அப்படித்தான் வரும்.

– நல்லா இருக்கு மேடம். ஸ்கூல்ல அந்த டீச்சர்கிட்ட இதைக் காட்டியிருக்கலாம்.

– நீங்க கேக்க வேண்டியதுதானே? சம்பளம் உங்களது.

– கேட்டேன். காய்ச்சல் வந்தப்ப ஒரே ஒரு தடவை. "அவர் எழுந்து நடக்கட்டும், அப்புறம் என் தங்கத்துக்கு தினம் ரெண்டா தரேன்"னாங்க. படுத்திருக்கற மனுஷனைக் காட்டிட்டாங்கன்னா அதுக்கு மேல யார் வாயைத் திறப்பா?

– உங்க வீட்டுக்காரர்?

– அண்ணி கையால சாப்பிட்டு வளந்தவர். அண்ணியைப் பத்தி ஒரு சொல் சொல்ல முடியாது. சொன்னா சோத்தை விட்டு எழுந்து போயிடுவார். நானும் தப்பு சொல்லல, அவருக்கு அவங்க அம்மா மாதிரிதான். என் பொண்ணுக்கு அம்மா நான்தானே.

– அப்ப உங்க அடுப்பு மழைக்காலத்துலேர்ந்து பஸ் ஸ்டாப்புல இருக்கு.

– என்ன சொன்னீங்க?

– ஒண்ணுமில்ல. ரெண்டு அடுப்புன்னு எழுதறேன்.

– நம்பிட்டீங்களா?

– அவங்க சொன்னப்ப நம்பல. நீங்க சொன்னப்ப நம்பறேன்.

– அந்தப் பக்கம் இருக்கற டப்பாவை இப்படி நகத்துங்க மேடம். கை எட்டல.

– இந்தாங்க. உங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். ரெண்டா எழுதினா அவங்க நாலு பேர் கோட்டுக்கு ரொம்பக் கீழ போயிடுவாங்க, சம்பாதிக்க ஆளே இல்ல. அட்டை நிச்சயம் வரும். நீங்க மூணு பேர் நல்லா மேல. உங்களுக்கு எதுவும் கிடைக்காது. அட்டையும் கிடையாது, பொண்ணுக்கு ஸ்கூல்ல தர்ற உதவியும் கிடையாது.

– தெரியும்.

– நான் எழுதறதால ஒரே வீட்ல ஒரு குடும்பம் பரம ஏழை, ஒரு குடும்பம் வசதி.

– கணக்குலதானே மேடம்?

– இப்போதைக்குக் கணக்குல.

– எழுதிக்கோங்க. அக்கா வர்றாங்க, காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கற சத்தம் கேக்குது பாருங்க. மேல எதுவும் சொல்லாதீங்க.

– முடிஞ்சுதா தாயே? இவ ஏதாவது ஒழுங்கா சொன்னாளா, இல்ல பூசி மெழுகினாளா?

– முடிஞ்சுதும்மா. ரெண்டு அடுப்பு, ரெண்டு குடும்பம். அனுப்பிட்டேன், இதோ டேப்லெட்ல பச்சை விளக்கு வந்துடுச்சு.

– நிஜமாவா?

– அட்டை ஒரு மாசத்துல வரும். அதுக்கப்புறம் ஆஸ்பத்திரியில தேதி குடுப்பாங்க.

– என் தாயே! உன் கையைக் குடு. நல்லா இருப்ப. உன் புள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கும். என்னங்க, கேட்டுச்சா? அட்டை வருதாம்! அட, நடக்கப் போறீங்கன்னு சொல்றேன், தூக்கத்துலயே தலையை ஆட்டறார் பாரு. இரு தாயே, ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போ.

– வேண்டாம்மா, இன்னும் ரெண்டு வீடு பாக்கி இருக்கு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. சரிபாக்க ஆள் வருவாங்க, எப்ப வருவாங்கன்னு எனக்கே தெரியாது. அவங்க வர்றப்ப ரெண்டு அடுப்பும் எரியணும்.

– எரியும், எரியும். பக்கத்து வீட்டுக்கா போற? அங்கயும் ஒரு சுத்தக்காரி இருக்கா, பாத்துக்கோ.

– பாக்கறேன். வரேன்மா. வரேங்க.

– போய்ட்டு வாங்க மேடம்.

– போயிட்டாளா? தெரு முனை திரும்பிட்டாளா பாரு. அப்பாடா! கால்ல இருந்த உசிரு இப்பத்தான் மேல வந்துச்சு. ஏண்டி, அப்படி என்னடி சொன்ன? நான் நாக்குத் தள்ள ஒரு மணி நேரம் சொன்னேன், அசையல. நீ ரெண்டு வார்த்தை பேசினதும் கவுந்துட்டா.

– நீங்க சொல்லிக் குடுத்ததுதான்க்கா.

– என் மேல குறை சொன்னியா?

– சொன்னேன்.

– எத்தனை?

– எண்ணலக்கா.

– பலே! நீ இவ்வளவு நல்லா நடிப்பேன்னு தெரிஞ்சிருந்தா முதல்லயே உன்னை விட்டுப் பேசச் சொல்லியிருப்பேன். என்னடி மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? பொய் சொன்னதுக்கா? விடு. நாம யார் குடியையும் கெடுக்கல. அவர் எழுந்து நடக்கட்டும், எல்லாத்துக்கும் சேத்து ஒருநாள் வயிறார சமைச்சுப் போடறேன் உங்களுக்கு.

– ஆஸ்பத்திரியில ராத்திரி நான் படுத்துக்கறேன்க்கா. கம்பெனியில லீவு சொல்லிக்கறேன். நீங்க பகல்ல பாத்துக்கோங்க.

– அதைத்தான் நானும் நினைச்சேன். உன்னை விட்டா எனக்கு யார் இருக்கா? கூடப் பிறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா. சரி, பசங்க பசியோட வந்துடுவாங்க. உன் பொண்ணு எங்க?

– டியூஷன்லேர்ந்து அவர் கூட்டிட்டு வருவார்.

– ரெண்டு பேரும் வர்றதுக்குள்ள ஆக்கிடலாம் வா. அந்தப் புது அடுப்பை அணைச்சிடு, வீணா எரியுது. கொதிச்ச தண்ணியைக் கொட்டிடாத, என் பானையில ஊத்து, உலைக்கு ஆகும். ஏழு பேருக்கு அரிசி அளந்து எடுத்துட்டு வா.

– அது வெறும் தண்ணி இல்லக்கா. அரிசி போட்டுட்டேன்.

– அதுக்குள்ளயா? அடி அசடு, இந்தக் குட்டிப் பாத்திரத்துல ஏழு பேருக்கு எப்படிடி வேகும்?

– மூணு பேருக்குத்தான்க்கா.